ஒவ்வொரு பள்ளி வாசலிலும் துப்பாக்கியோடு ஒரு காவலரை நிறுத்திவிட்டால் அமெரிக்கப் பள்ளித் துப்பாக்கிச் சூடுகளைத் தடுத்துவிட முடியாதா?

கேள்வி கேட்டவர் அநேகமாகக் குடும்பத்தோடு இங்கே வரப்போகிறவர் என்று நினைக்கிறேன். விசா கையில் வந்திருக்கும், எந்தப் பள்ளி நல்ல பள்ளி என்று இரவெல்லாம் தேடிக்கொண்டிருப்பீர்கள். அப்படி இல்லையென்றால் ஊரில் செய்தி பார்த்துவிட்டு, "ரெண்டு போலீஸ்காரனைப் போட்டா முடிஞ்சது, இதுக்குப் போய் இத்தனை வருஷமா சண்டை போடுறாங்க" என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுதுகிறவராக இருக்கலாம். எங்கள் குழுவில் சித்தப்பா ஒருவர் இருக்கிறார். அவருக்கும் சேர்த்தே இந்தப் பதில்.

டெக்சாஸில், டாலஸ் பக்கம் இருக்கிறோம். மகள் நடுநிலைப் பள்ளியில் படிக்கிறாள். இங்கே காவலரைப் போடலாமா வேண்டாமா என்ற கட்டம் தாண்டிப் போய்விட்டது. 2023-இல் வந்த சட்டப்படி அரசுப் பள்ளி வளாகம் ஒவ்வொன்றிலும் ஆயுதம் தாங்கிய ஒருவர் இருந்தாக வேண்டும். அதற்கு மாநிலம் அப்போது ஒதுக்கிய பணம் வளாகத்துக்கு ஆண்டுக்கு 15,000 டாலர், அதோடு மாணவருக்கு 10 டாலர். அந்தப் பணத்தில் ஒரு போலீஸ் அதிகாரிக்கு முழுச் சம்பளம் கொடுக்க முடியவில்லை. பல பள்ளி மாவட்டங்கள் (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகத்தை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்) விதிவிலக்கு எழுதி வாங்கிக்கொண்டன. சில இடங்களில் பயிற்சி எடுத்த ஊழியர்களே துப்பாக்கி வைத்திருக்கிறார்கள்.

எங்கள் பள்ளிக்கு ஓர் அதிகாரி இருக்கிறார். நல்ல மனிதர். காலையில் கார் வரிசை நகரும்போது பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். என் மகளின் பெயரைக்கூடச் சரியாக உச்சரிப்பார், அவளுடைய ஆசிரியர்களுக்கே அது வராது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், "இவள் போலீஸுக்கு எதிரி" என்று கீழே எழுத நாலு பேர் வருவார்கள். எனக்கு அவர் மேல் ஒரு குறையும் இல்லை.

போன வருடம் ஒரு நாள் மதியம் மகளிடமிருந்து குறுஞ்செய்தி. "லாக்டவுன். ட்ரில் இல்லம்மா. போன் பண்ணாத, சத்தம் கேக்கும்." அலுவலகத்தில் மீட்டிங்கில் இருந்தேன். போனைக் கையில் வைத்துக்கொண்டு, அழைக்கவும் முடியாமல், பதில் அனுப்பினால் திரை வெளிச்சம் தெரியுமோ என்று பயந்து அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஆபத்தான ஆள் வந்துவிட்டதாகச் சந்தேகம் வந்தால் பள்ளியைப் பூட்டுவதுதான் இந்த லாக்டவுன். அப்போது என்ன செய்ய வேண்டும் என்று இங்கே பிள்ளைகளுக்குச் சின்ன வகுப்பிலிருந்தே சொல்லிக்கொடுத்து வைத்திருக்கிறார்கள்: கதவைப் பூட்டு, விளக்கை அணை, கண்ணில் படாதே.

பள்ளிக்குப் பின்னால் இருக்கும் மைதானத்தை ஒட்டி ஒருவர் நீளமாக எதையோ தோளில் சுமந்துகொண்டு நடந்திருக்கிறார். கடைசியில் அது நிலம் அளப்பவரின் முக்காலி என்று தெரிந்தது. ஊரிலிருந்து வந்திருந்த என் மாமனார், வீடு பக்கம்தானே என்று வேட்டியோடு பள்ளிக்கு ஓடியிருக்கிறார். வாசலில் மறித்துவிட்டார்கள், அது நியாயம்தான். பிறகு பிள்ளைகளை ஒப்படைத்த இடத்திலும் பட்டியலில் அவர் பெயர் இல்லை என்று விடவில்லை. பேத்தி கண்ணெதிரே நிற்கிறாள், இவர் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நிற்கிறார். தாத்தா பாட்டிகள் ஆறு மாதம் வந்து தங்கும் வீடுகள் எங்கள் பகுதியில் எத்தனையோ. அவர்கள் பெயரைப் பட்டியலில் சேர்க்க ஒரு படிவம், அந்தப் படிவத்துக்கு ஒரு உள்ளூர் அடையாள அட்டை. அலுவலக மேசையில் இருக்கும் இயந்திரம் இந்தியப் பாஸ்போர்ட்டைப் படிக்காது. இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

அன்றைக்கு அதிகாரி தன் வேலையைச் சரியாகச் செய்தார். துப்பாக்கியை எடுத்துக்கொண்டு பின்பக்கம்தான் ஓடினார். ஓடியவர் அங்கே பார்த்தது என்ன தெரியுமா? ஜிம்முக்குப் பின்னால் இருக்கும் கதவு திறந்து கிடந்தது. பிள்ளைகள் மைதானத்துக்குப் போய்வர வசதியாக யாரோ கதவிடுக்கில் ஒரு மரத்துண்டைச் செருகி வைத்திருந்தார்கள். ஓரம் தேய்ந்து கறுத்துப்போன துண்டு. அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு அதைக் கையோடு கொண்டுவந்து மேசையில் வைத்தார் அந்த அதிகாரி. "நான் முன்வாசலில் நிற்கும்போது இது பின்வாசலில் நிற்கிறது" என்றார். அவ்வளவு பெரிய கூட்டத்தில் யாரும் வாயைத் திறக்கவில்லை.

இது எங்கள் பள்ளிக் கதை மட்டும் இல்லை. 2022 மே மாதம் இதே டெக்சாஸில், உவால்டே என்ற ஊரின் பள்ளியில் ஒருவன் நுழைந்து சுட்டதில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் செத்தார்கள். அந்தப் பள்ளி மாவட்டத்துக்குச் சொந்தமாகப் போலீஸ் படையே இருந்தது. அன்று வந்து சேர்ந்த அதிகாரிகள் 376 பேர், உள்ளே நுழைய எடுத்துக்கொண்டது 77 நிமிடம். இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் சட்டமன்றக் குழுவின் அறிக்கை இன்னொன்றையும் சொன்னது: கதவுகளுக்கு முட்டுக் கொடுத்துத் திறந்து வைப்பது அங்கே வழக்கமாகவே இருந்தது. கொலைகாரன் நுழைந்த வெளிக்கதவு பூட்டாமல் இருந்தது. வகுப்பறைக் கதவு ஒன்றின் பூட்டு சரியில்லை என்பது பள்ளியில் பலருக்கு முன்பே தெரியும்.

காவலர் இருந்தும் நடந்தவை வேறும் உண்டு. 1999-இல் கொலராடோவின் கொலம்பைன் பள்ளியில் அதற்கென்று இருந்த அதிகாரி வெளியிலிருந்து சுட்டார், குறி படவில்லை. 2018-இல் ஃப்ளோரிடாவின் பார்க்லாண்டில் பள்ளி அதிகாரி கட்டடத்துக்கு வெளியிலேயே நின்றார், 17 பேர் போனார்கள். அதே வருடம் டெக்சாஸின் சான்டா ஃபே பள்ளியில் அதிகாரிகள் ஓடித்தான் வந்தார்கள். அவர்களில் ஒருவர் குண்டடிபட்டு உயிர் பிழைத்ததே பெரிது. அங்கே 10 பேர் செத்தார்கள்.

1980 முதல் 2019 வரை நடந்த 133 சம்பவங்களை எடுத்து 2021-இல் ஜாமா நெட்வொர்க் ஓப்பன் என்ற மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. ஆயுதக் காவலர் இருந்த பள்ளிகளில் சாவு விகிதம் 2.83 மடங்கு அதிகம் என்று அதில் இருந்தது. காவலரால்தான் சாவு கூடியது என்று நான் சொல்லவில்லை, அந்த எண்ணை வைத்துக்கொண்டு அப்படிச் சொல்லவும் முடியாது. சாகத் துணிந்து வருகிறவனுக்கு வாசலில் துப்பாக்கி இருப்பது பயமாகத் தெரிவதில்லை என்றுதான் நான் அதைப் புரிந்துகொள்கிறேன்.

"அப்போ காவலரே வேண்டாமா?" வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். 2024 செப்டம்பரில் ஜார்ஜியாவில் அபலாச்சி பள்ளியில் 14 வயதுப் பையன் சுட்டபோது, பள்ளி அதிகாரிகள் சில நிமிடங்களில் எதிரே வந்து நின்றார்கள், அவன் சரணடைந்தான். ஆசிரியர்கள் கழுத்தில் மாட்டியிருந்த அட்டையிலேயே அவசரப் பொத்தான் இருந்தது, அதை அழுத்தினார்கள். எல்லாம் ஒழுங்காக நடந்தும் 4 பேர் செத்துப்போனார்கள். காவலர் வந்ததால் எண்ணிக்கை அங்கே நின்றது என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவர் வேலை ஆரம்பிப்பதே முதல் குண்டுக்கு அப்புறம்தான். தடுக்க முடியாதா என்றுதானே கேட்டீர்கள்?

ஒளி ஊடுருவும் பை பற்றியும் சொல்லிவிடுகிறேன், அது எனக்குத் தீராத எரிச்சல். உள்ளே இருப்பது தெரியட்டும் என்று சில மாவட்டங்களில் பிளாஸ்டிக் பை கட்டாயம். அது தீபாவளிக்குள் கிழிந்துவிடும், மறுபடி வாங்க வேண்டும். பெண் பிள்ளைகள் நாப்கினை எங்கே மறைப்பது என்று கேட்ட பிறகு சின்னதாக ஒரு துணிப்பை வைத்துக்கொள்ள விட்டார்கள். ஆனால் இசை வகுப்புப் பிள்ளைகள் டிராம்போனை வைத்துத் தூக்கிவரும் பெட்டி கன்னங்கரேல் என்றுதான் இருக்கும். அதை யாரும் திறந்து பார்த்து நான் கண்டதில்லை.

இந்தத் துப்பாக்கிகள் எங்கிருந்து வருகின்றன என்று கேட்டால்தான் பேச்சு சூடாகும். அதிபருக்குப் பாதுகாப்புக் கொடுக்கும் சீக்ரெட் சர்வீஸ் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், பள்ளியில் துப்பாக்கியால் தாக்கியவர்களில் முக்கால்வாசிப் பேர் அதைப் பெற்றோர் வீட்டிலிருந்தோ நெருங்கிய உறவினர் வீட்டிலிருந்தோதான் எடுத்திருக்கிறார்கள். பெரும்பாலும் யாரிடமாவது முன்கூட்டியே ஏதாவது உளறியும் இருக்கிறார்கள். மிச்சிகனில் ஆக்ஸ்ஃபோர்டு பள்ளியில் 2021-இல் 4 பிள்ளைகளைச் சுட்டுக் கொன்ற பையனுக்கு அவன் அப்பாதான் சில நாள் முன்பு கைத்துப்பாக்கி வாங்கிக் கொடுத்தார். 2024-இல் அப்பா அம்மா இரண்டு பேருக்குமே 10 முதல் 15 ஆண்டு வரை சிறை. உவால்டே ஆளோ 18 வயது ஆனவுடன் கடையில் சட்டப்படி வாங்கியவன். அதை எந்த அலமாரிப் பூட்டும் தடுத்திருக்காது, சட்டம்தான் தடுத்திருக்க வேண்டும். அந்தப் பேச்சை டெக்சாஸில் எடுத்தால் நட்பு முறியும். எனக்கு முறிந்திருக்கிறது.

நீங்கள் இங்கே வரத்தான் போகிறீர்கள் என்றால், காவலர் இருக்கிறாரா என்று மட்டும் கேட்டுத் திருப்திப்பட்டுவிடாதீர்கள். வெளிக்கதவுகளை வாரம் ஒருமுறை இழுத்துப் பார்க்க வேண்டும் என்று டெக்சாஸில் விதி இருக்கிறது, அதை யார் செய்கிறார்கள் என்று கேளுங்கள். ஒரு பிள்ளை சக மாணவனைப் பற்றிப் பயந்து ஏதாவது சொன்னால் அது யார் காதுக்குப் போகும் என்று கேளுங்கள். பிள்ளையை விளையாட அனுப்பும் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, பூட்டி வைத்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். ஓர் அம்மா என்னிடம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இன்னொரு வீட்டில் மாடிக்குக் கூட்டிப்போய்ப் பெட்டகத்தையே காட்டினார்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால், வீட்டில் நாய் இருக்கிறதா, பிள்ளைக்கு வேர்க்கடலை ஆகாது, துப்பாக்கி ஏதும் வெளியில் இருக்கிறதா என்று ஒரே மூச்சில் கேட்டுவிடுங்கள். நான் அப்படித்தான் கேட்கிறேன்.