பொமேரியன் கிராஸ் குட்டி எவ்வளவு பெரிதாகும்? கேள்விகளும் பதில்களும்

'டாய் பாம்' (சின்ன ரக பொமேரியன்) என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். ஏழு மாதத்திலேயே 6 கிலோ. ஏமாந்துவிட்டேனா?

நம் ஊரில் பொமேரியன் என்று கூப்பிடும் வெள்ளை நாய்களில் பெரும்பாலானவை இந்தியன் ஸ்பிட்ஸ், அல்லது அதன் கலப்பு. அசல் பொமேரியன் வளர்ந்து முடித்தாலும் 3 கிலோவைச் சுற்றித்தான் நிற்கும். ஸ்பிட்ஸில் சின்ன வகையே 5 முதல் 7 கிலோ, பெரிய வகை 12 கிலோவுக்கும் மேலே போகும். சின்னதில் இரண்டும் பஞ்சு உருண்டை மாதிரி இருப்பதால் விற்பவருக்கு வசதி. உங்களுடையது 7, 7.5 கிலோவில் நிற்கலாம். விலையில் ஏமாந்திருப்பீர்கள், நாயில் இல்லை. நம் வெயிலை இதுதான் நன்றாகத் தாங்கும்.

அண்ணா, என் குட்டிக்கு இரண்டரை மாதம், 1.4 கிலோ. அம்மா ஸ்பிட்ஸ், அப்பா யாரென்று தெரியாது. கடைசியில் எவ்வளவு வரும்?

இப்போது சொன்னால் ஜோசியம்தான் தம்பி. நான்கு மாதம் முடியும் அன்று எடை பார்த்து அதை இரண்டால் பெருக்குங்கள். சின்ன நாய்களுக்கு அது ஏறக்குறைய சரியாக வரும், அரைக் கிலோ, ஒரு கிலோ முன்னே பின்னே இருக்கலாம். ஆள் ஏறி நிற்கும் மெஷினில் இந்த எடை சரியாகத் தெரியாது. சமையலறைத் தராசில் ஒரு பேசினை வைத்து, பூஜ்ஜியமாக்கிவிட்டு, குட்டியை உட்கார வையுங்கள். பாதம் பெரிதாக இருந்தால் நாய் பெரிதாகும் என்பதை ரொம்ப நம்ப வேண்டாம். அப்பா தெருநாயாக இருந்தால் 12 கிலோ வந்தாலும் ஆச்சரியமில்லை. கூடப் பிறந்தது குட்டையாக இருக்கிறதே என்றும் பார்க்காதீர்கள். உடல் அளவைப் பல மரபணுக்கள் சேர்ந்து தீர்மானிக்கின்றன (அதில் முக்கியமான ஒன்றான ஐஜிஎஃப்1-ஐ 2007-இல் அடையாளம் கண்டார்கள்), கலப்பில் அவை ஒவ்வொரு குட்டிக்கும் வேறு மாதிரி பிரிந்து போகும்.

கால்சியம் சிரப் கொடுத்தால் உயரமாகுமா?

ஆகாது. வளர்ந்த நாய்க்கு வேண்டாததைக் குடல் தடுத்துவிடும், சின்னக் குட்டிக்கு அந்தக் கட்டுப்பாடு இன்னும் சரியாக வந்திருக்காது, கொடுத்ததெல்லாம் உள்ளே போய் எலும்பைக் கெடுக்கும். நல்ல பப்பி ஃபுட் சாப்பிடுகிற குட்டிக்கு சிரப்பே தேவையில்லை. ஆனால் வெறும் பால் சோறு, அல்லது எலும்பில்லாத சிக்கன் மட்டும் என்று வளர்த்தால் நிஜமாகவே கால்சியம் குறையும், முன்னங்கால் வளைய ஆரம்பிக்கும். அப்போதும் முதலில் மாற்ற வேண்டியது சாப்பாட்டை. சிரப்பை டாக்டர் அளவு சொன்ன பிறகு பார்க்கலாம்.

சாப்பாட்டைக் குறைத்தால் சின்னதாகவே இருக்கும் என்கிறார்களே?

யார் சொன்னது? பட்டினி போட்டால் மெலிந்து, எலும்பு தேறாத நாய்தான் கிடைக்கும். ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ குட்டி சில மணி நேரம் வெறும் வயிற்றில் இருந்தாலே சர்க்கரை இறங்கி, நடுங்கித் தள்ளாடி விழும். அப்படி விழுந்தால் ஈறில் தேன் தடவிவிட்டு உடனே டாக்டரிடம் ஓடுங்கள். நான்கு மாதம் வரை ஒரு நாளைக்கு நான்கு வேளை கொடுங்கள்.

ஐந்து மாதம். முடியெல்லாம் கொட்டி, கால் மட்டும் நீண்டு, குரங்குக்குட்டி மாதிரி இருக்கிறது. நோயா?

குட்டி முடி உதிர்ந்து பெரிய முடி வரும் பருவம், எல்லா பாமும் இப்படித்தான் அசிங்கமாகி அப்புறம் அழகாகும். வட்ட வட்டமாகச் சொட்டை விழுந்தாலோ சொறிந்துகொண்டே இருந்தாலோ காட்டுங்கள். அப்படியே வாயையும் திறந்து பாருங்கள், இந்தச் சின்ன நாய்களுக்குப் பால் கோரைப்பல் விழாமல் பக்கத்திலேயே புதுப்பல் முளைப்பது சகஜம். ஏழு மாதத்திலும் ஜோடியாக நின்றால் எடுக்க வேண்டியிருக்கும்.

'டீகப்' என்று 40 நாள் குட்டி கிடைக்கிறது, வாங்கலாமா?

வேண்டாம். டீகப் என்று ஒரு வகையை எந்த முக்கிய கென்னல் கிளப்பும் ஏற்கவில்லை. 40 நாள் குட்டி சின்னதாகத்தான் இருக்கும், பச்சைக் குழந்தை அது! எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது என்று நாய் விற்பனைக்கான 2017 மத்திய அரசு விதியே இருக்கிறது.

எப்போது வளர்ச்சி நிற்கும்? கருத்தடை செய்தால் குட்டையாகிவிடுமா?

உயரம் எட்டு ஒன்பது மாதத்தில் ஏறக்குறைய முடிந்துவிடும், உடம்பு தேறுவது ஒரு வயது வரை போகும். கருத்தடையால் குட்டையாகாது. சீக்கிரமே செய்தால் எலும்பு நுனியில் வளரும் பகுதி மூடுவதுதான் கொஞ்சம் தள்ளிப்போகும், அதனால் கால் சற்று நீளவே செய்யலாம். ஆபரேஷனுக்கு அப்புறம் பழைய அளவே சாப்பாடு போட்டால் பக்கவாட்டில் வளரும். முடிக்குள் விரலை விட்டு விலா எலும்பைத் தடவிப் பாருங்கள், அழுத்தித் தேட வேண்டியிருந்தால் கொழுப்பு ஏறிவிட்டது.