காலராவுக்கு 100 பிளஸ் போதுமா?

கேட்டது இரண்டு: பினாங்கில் குழாய்த் தண்ணீரால் காலரா வருமா? வந்தால் 100 பிளஸ் என்கிற விளையாட்டுக்காரர் பானத்தைக் குடித்தால் போதுமா?

இரண்டாவதற்கு முதலில்: போதாது. பட்டர்வொர்த்தில் மருந்துக் கடையில் வேலை செய்கிறேன். வயிற்றுப்போக்கு என்று வருகிறவர்கள் பலரும் அந்தப் பாட்டிலோடுதான் வருவார்கள். அது வியர்க்க விளையாடுகிறவர்களுக்கு. காலராவில் போகிற உப்புக்கு அதில் உள்ள உப்பு காணாது. சீனியோ அதிகம், போக்கைக் கூட்டிவிடும்.

காலராவில் ஆள் சாவது உடம்பில் தண்ணீர் வற்றித்தான். முற்றினால் பெரியவருக்கே மணிக்கு ஒரு லிட்டர் வரை போகும், அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி. 1971ல் வங்காளதேச அகதிகளுக்காக இந்தியாவில் இருந்த முகாமில் ட்ரிப் தீர்ந்துபோக, டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரை வாய்வழியாகவே கொடுக்க வைத்தார். 30 சதவீதத்தை ஒட்டியிருந்த சாவு 4 சதவீதத்துக்குக் கீழே இறங்கியது. குளுக்கோஸ் சேர்ந்தால் குடல் உப்பை இழுத்துக்கொள்ளும், உப்போடு தண்ணீரும் போகும். காலரா நஞ்சு அந்த வழியை அடைப்பதில்லை.

அதனால் ஓஆர்எஸ் வாங்குங்கள், தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற உப்பு-குளுக்கோஸ் தூள். எத்தனை மில்லி தண்ணீர் என்று பாக்கெட்டிலேயே இருக்கும்; கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பிள்ளை குடிக்கவில்லை என்று ரிபேனா மாதிரி இனிப்புப் பானம் கலக்காதீர்கள். பாக்கெட் இல்லாத ராத்திரியில், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சீனி, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலைதட்டி. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, கரண்டி கரண்டியாக. கண் குழிந்து, மூத்திரம் நின்று, ஆள் துவண்டால் நேரே ஆஸ்பத்திரி. போகிற வழியிலும் கொடுத்துக்கொண்டே போங்கள். போக்கை நிறுத்தும் மாத்திரையை மட்டும் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள்.

சரி, குழாய்த் தண்ணீர். குளோரின் போட்டுத்தான் வருகிறது, அதில் எனக்குப் பயமில்லை. 2024 ஜனவரியில் தண்ணீர் தடைபட்டபோது வீட்டுக்கு வீடு வாளியில் பிடித்து வைத்தோமே, மூடாமல், ஆளாளுக்குக் கைவிட்டு மொண்டு? அழுக்குக் கை பட்டால் எந்தத் தண்ணீரும் கெடும். அப்படிப்பட்ட தண்ணீர் புரண்டு கொதித்து ஒரு நிமிடமாவது ஆகட்டும். தே ஓ (பால் இல்லாத தேநீர்) குடித்தால் சுடச்சுடக் குடியுங்கள். உறைந்தால் கிருமி சாகாது, ஐஸ் எந்தத் தண்ணீரில் செய்தது என்று யாருக்குத் தெரியும்?

காலரா என்று டாக்டர் சந்தேகித்தால் 1988ஆம் ஆண்டுத் தொற்றுநோய்ச் சட்டப்படி சுகாதார அலுவலகத்துக்குச் சொல்லியாக வேண்டும். அவர்கள் வந்து எங்கே சாப்பிட்டீர்கள் என்று கேட்பார்கள். தெரிந்த கடைக்காரர் என்று மறைக்காதீர்கள்.