வெட்சூட்: இறுக்கமா, தொளதொளப்பா?

கேள்வி: அந்தமானில் ஸ்கூபா டைவிங் பழக 3 மி.மீ. தடிமனில் வெட்சூட் (நீருக்குள் உடல் வெப்பத்தைக் காக்கும் ரப்பர் உடை) வாங்கப் போகிறேன். போட்டுப் பார்த்தால் இறுக்குகிறது. ஒரு சைஸ் பெரிதாக எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். அந்தக் கடலுக்கு 3 மி.மீ. சரியான தேர்வு. ஆனால் சூட் தொளதொளத்தால் தண்ணீர் உள்ளே புகுந்து புகுந்து வெளியேறும். உடல் வெப்பத்தையும் கூடவே அள்ளிக்கொண்டு போகும். கரையில் இறுக்கமாகத் தெரிவது நீரில் சற்றுத் தளரும்.

ஜிப்பை முழுக்க ஏற்றிவிட்டுக் குந்துங்கள், கையைத் தலைக்கு மேல் தூக்குங்கள், மூச்சை நெஞ்சு நிறைய இழுங்கள். மூன்றுக்கும் இடம் கொடுக்க வேண்டும். இடுப்புக்கு மேலே முதுகுக் குழிவில் துணி ஒட்டாமல் நின்றால், மற்ற இடமெல்லாம் பொருந்தினாலும் அது உங்கள் சூட் அல்ல. அக்குளையும் கவட்டையும் அப்படியே பாருங்கள்.

கழுத்தில் மட்டும் சமரசம் கூடாது. அங்கே அழுத்தினால் ரத்தக்குழாய் நெருக்கப்பட்டுத் தலைசுற்றும்.

மாட்டும்போது நகம் படாமல் விரல் நுனியால் இழுங்கள். வெட்சூட்டின் நியோப்ரீன் ரப்பர் கிழிவது பெரும்பாலும் நகத்தால்தான்.