மாடல் பிக்கப்புக்குத் துரு ஏற்றுவது எப்படி?

கேள்வி: 1950 ஷெவர்லே 3100 பிக்கப்பின் 1/25 மாடலை (நிஜ வண்டியில் இருபத்தைந்தில் ஒரு பங்கு அளவு) செய்து முடித்தேன். பழைய வண்டியாகத் தெரியட்டும் என்று பழுப்பு பெயின்ட் அடித்தேன். துரு மாதிரியே இல்லை, சாக்லேட் பூசியது போல் இருக்கிறது. மேலே அடித்த கிளியர் ஸ்பிரேயும் (நிறமில்லாத மேல்பூச்சு) வெள்ளையாகப் பூத்துவிட்டது. உரித்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டுமா? – தண்டையார்பேட்டை வாசகர்

பதில்: உரிக்க வேண்டாம். அந்தப் பழுப்பே நமக்கு அடித்தளம். ஆனால் பிரஷ்ஷை எடுப்பதற்கு முன் ஒருநாள் காலை காசிமேட்டுக்குப் போய், மீன் ஏற்றும் பழைய வண்டி ஒன்றைப் பக்கத்தில் நின்று பாருங்கள். ஐஸ் உருகி உப்புத் தண்ணீர் எந்த வழியாக வடிகிறதோ, அந்த வழியில்தான் தகடு அரித்திருக்கும். கதவின் நடுப்பகுதி நன்றாகவே இருக்கும், அடி விளிம்பு பொருக்குப் பொருக்காக உதிரும். போல்ட் தலைக்குக் கீழே செம்பழுப்புக் கோடு ஒன்று இறங்கியிருக்கும். புதுத்துரு ஆரஞ்சாகவும் பழைய துரு கருப்பை ஒட்டிய பழுப்பாகவும் ஒரு விரலகலத்துக்குள்ளேயே கலந்து கிடக்கும். நீங்கள் ஒரே பழுப்பை அடித்ததுதான் சிக்கல்.

இனி உங்கள் வண்டிக்கு வருவோம். 3100-ல் தண்ணீரும் சேறும் தங்குவது கேபினின் பின்மூலைகளின் அடியில், கதவடியில், ஃபுட்போர்டில், மட்கார்டு பாடியோடு சேரும் இடுக்கில். துரு அங்கே கனமாக இருக்கட்டும். கூரையும் பானெட்டும் வெயில் வாங்கும் இடங்கள்; அங்கே பெயின்ட் வெளுத்தால் போதும்.

வெள்ளைப் படலத்தை 1000 நம்பர் வாட்டர் பேப்பரை நனைத்து லேசாகத் தேய்த்து எடுங்கள். பிய்த்த ஸ்பாஞ்சுத் துண்டால் கரும்பழுப்பு, செங்கல் நிறம், கொஞ்சம் ஆரஞ்சு என்று ஒற்றி எடுங்கள். கிளியர் அடித்து ஒருநாள் காயவிடுங்கள். அதன்மேல் தலைமுடிக்கு அடிக்கும் ஹேர்ஸ்பிரே இரண்டு கோட். அது காய்ந்ததும் வண்டியின் நிறத்தை, தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக்கில், மெல்லிசாக அடியுங்கள். இந்த வண்டிக்குக் கரும்பச்சை அழகாகப் பொருந்தும்.

தொட்டால் ஒட்டாத பதம் வந்ததும் வேலையைத் தொடங்கிவிடுங்கள். மறுநாள் வரை விட்டால் பெயின்ட் இறுகிவிடும். ஒரு சிறிய இடத்தைத் தண்ணீரால் நனைத்து அரை நிமிடம் விட்டு, பழைய டூத்பிரஷ்ஷால் மெதுவாகத் தேயுங்கள். அடியில் ஹேர்ஸ்பிரே கரைய, மேல் பெயின்ட் செதில் செதிலாகப் பெயர்ந்து துரு வெளிவரும். இங்கேதான் கை நிதானமாக இருக்க வேண்டும். 1/25-ல் ஒரு மில்லிமீட்டர் என்பது நிஜ வண்டியில் இரண்டரை சென்டிமீட்டர். கல் தெறித்த ஐந்து மில்லிமீட்டர் வடு மாடலில் 0.2 மில்லிமீட்டர்தான், ஊசி முனை அளவு. வடு பெரிதானால் பொம்மை என்று காட்டிக்கொடுத்துவிடும்.

துருக்கோட்டுக்கு பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு ஆயில் கலரை போல்ட்டுக்குக் கீழே புள்ளியாக வைத்து, டர்பன்டைனில் லேசாக நனைத்த பிரஷ்ஷால் மேலிருந்து கீழே இழுங்கள். இதற்கு முன் ஒரு கிளியர் கோட் அவசியம்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் பின்தொட்டி. 3100-ன் தொட்டித் தளம் மரப்பலகை, இடையிடையே இரும்புப் பட்டை. பிளாஸ்டிக்கில் மரம் மாதிரி வரைவதைவிட, குச்சி ஐஸ் குச்சியை மெல்லிசாகச் சீவிப் பலகையாக ஒட்டிவிடலாம். துருப்பிடிக்கக்கூடிய சாதாரண இரும்பு நாரை (ஸ்டீல் உல்; ஸ்டெயின்லெஸ் ஸ்கிரப்பர் உதவாது) வினிகரில் இரண்டு நாள் ஊறவையுங்கள். மூடியை இறுக்க வேண்டாம். பலகையில் முதலில் கெட்டி டீ டிகாக்‌ஷன், காய்ந்ததும் இந்த வினிகர். டீயின் துவர்ப்புச் சத்தோடு இரும்பு சேர்ந்ததும் மரம் கண்ணெதிரே சாம்பல் நிறமாக மாறும். மழையிலும் வெயிலிலும் பல வருஷம் கிடந்த பலகைதான்! ஒட்டுவதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள்.

கடைசியாக அடிக்கும் மேட் கோட்டுக்கு (பளபளப்பில்லாத கிளியர்) நேரம் பார்க்க வேண்டும். ஸ்பிரேயின் கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் பெயின்டில் படிவதால்தான் வெள்ளை பூக்கிறது. கடலோரத்தில் இது அடிக்கடி நடக்கும். ராயபுரம் மொட்டைமாடியில் ஐப்பசி மாதம் அடித்து நானும் ஒரு வண்டியைக் கெடுத்திருக்கிறேன். மழையில்லாத நாளில், முற்பகல் வெயில் ஏறியபின், கடற்காற்று திரும்புவதற்குள் மெல்லிய கோட்டுகளாக அடித்துவிடுங்கள். முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். கண்ணாடிகளை அதற்கு அப்புறம் ஃபெவிகாலில் ஒட்டுங்கள். சூப்பர் குளூவின் ஆவி பட்டால் அவையும் வெளுத்துவிடும்.