ஊசிப் பரிசோதனையில் பெரிதாகத் தெரிந்த உட்கரு, பயாப்சியில் சிறிதானது ஏன்?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 58. மார்பில் கட்டி. ஊசி மூலம் எடுத்த எஃப்.என்.ஏ.சி. ரிப்போர்ட்டில் 'செல்களின் உட்கரு மிகவும் பெரிதாக உள்ளது' என்று இருந்தது. பத்து நாள் கழித்து வந்த பயாப்சி ரிப்போர்ட்டில் 'மிதமாகப் பெருத்துள்ளது, கிரேடு 2' என்கிறார்கள். நடுவில் எந்தச் சிகிச்சையும் இல்லை. புற்றுநோய் தானாகக் குறையுமா? அல்லது ஒரு ரிப்போர்ட் தவறா?

பதில்: நோய் குறைந்துவிட்டதாக எண்ண வேண்டாம். இரண்டு ரிப்போர்ட்டும் சரியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். செல்களைப் பதப்படுத்திய விதம்தான் வேறு.

எஃப்.என்.ஏ.சி.யில் உறிஞ்சி எடுத்த செல்களைக் கண்ணாடி ஸ்லைடில் தேய்த்து, பல இடங்களில் காற்றிலேயே உலரவிட்டுச் சாயம் ஏற்றுவார்கள். உலரும்போது செல் தட்டையாகப் பரவிவிடும். உட்கருவும் அகன்று தெரியும். அதே செல்களை ஈரம் காய்வதற்குள் ஆல்கஹாலில் போட்டிருந்தால் சுருங்கித் தெரிந்திருக்கும்.

பயாப்சித் துண்டு, திசுவைக் கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் ஊறி, ஆல்கஹாலில் நீர் வற்றி, சைலீனைக் கடந்து, பாரஃபின் மெழுகில் பதிகிறது. திசுவும் உட்கருவும் இதில் சுருங்கும். அப்புறம் அதை 3, 4 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமனில் சீவுகிறார்கள். புற்றுச் செல்லின் உட்கரு 10 மைக்ரானைத் தாண்டுவது சாதாரணம். ஆக, ஸ்லைடில் இருப்பது முழு உட்கரு இல்லை. எலுமிச்சம்பழத்தை நறுக்கினால் நடு வில்லை பெரிதாகவும் ஓர வில்லை சிறிதாகவும் விழுமே, அப்படித்தான்.

அதனால் நோய்க்குறியியல் மருத்துவர்களான நாங்கள் மைக்ரான் கணக்கை மட்டும் நம்புவதில்லை. அதே ஸ்லைடில் பக்கத்தில் இயல்பான பால்நாளச் செல் இருக்கிறதா என்று தேடுவோம். அதுவும் அதே ஃபார்மலினில் ஊறிச் சுருங்கியதுதானே. அதைவிடப் புற்றுச் செல்லின் உட்கரு ஒன்றரை மடங்கா, இரண்டு மடங்குக்கு மேலா என்று பார்ப்போம். மார்பகப் புற்றுக்கான நாட்டிங்காம் முறையில் உட்கருவுக்கு மதிப்பெண் போடுவது இப்படித்தான். குழல் அமைப்பு, பிரியும் செல்களின் எண்ணிக்கை இரண்டையும் அதோடு சேர்த்தால்தான் கிரேடு, அதாவது புற்றுச் செல்கள் இயல்பிலிருந்து எவ்வளவு மாறியிருக்கின்றன என்ற தரநிலை. சிறுநீரகப் புற்றுக்கு 1982-இல் வந்த ஃபூர்மன் முறை, உட்கருவுக்கு 10, 15, 20 மைக்ரான் என்றே அளவு வைத்திருந்தது. பார்ப்பவருக்குப் பார்ப்பவர் கிரேடு மாறியது. இப்போது அங்கே முதல் மூன்று கிரேடுகளை, உட்கருவுக்குள் இருக்கும் நியூக்ளியோலஸ் எவ்வளவு எடுப்பாகத் தெரிகிறது என்பதை வைத்தே பிரிக்கிறோம்.

என் கவலை அடுத்து வரும் அறுவை சிகிச்சையைப் பற்றியது. எடுத்த திசு ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினுக்குப் போக வேண்டும். ஃபார்மலின் மெதுவாகத்தான் உள்ளே இறங்கும். பெரிய துண்டை அறுத்துவிடாமல் அப்படியே போட்டால் நடுப்பகுதி கெட்டு, உட்கரு மங்கி, பிரியும் செல்களை எண்ணுவதே சிரமமாகிவிடும். எந்த மருந்து பலன் தரும் என்று காட்டும் ஈ.ஆர்., ஹெர்-2 சோதனைகளும் தவறாக 'இல்லை' என்று வரலாம். 6 முதல் 72 மணி நேரம் வரை ஊறுவது சரி. சாம்பிள் வெளியூர் லேபுக்குப் போகிறது என்றால், யார் எப்போது அறுத்து ஃபார்மலினில் போடுவார்கள் என்று சர்ஜனிடம் தயங்காமல் கேளுங்கள்.

பயாப்சி முடிவில் இன்னும் சந்தேகம் இருந்தால் அம்மாவுக்கு மறுபடி ஊசி போட வேண்டியதில்லை. பழைய ஸ்லைடுகளையும் பாரஃபின் பிளாக்கையும் கேட்டு வாங்கி, இன்னொரு நோய்க்குறியியல் மருத்துவரிடம் காட்டுங்கள்.