செவலை ஏன் மாடிப்படிக்கு அடியிலேயே கிடக்கிறான்?

கேள்வி: நாங்கள் கோவில்பட்டி. எங்கள் வீட்டு நாட்டு நாய் செவலைக்கு 5 வயது. தெருவில் எந்த வண்டி வந்தாலும் முதலில் ஓடுகிறவன், இரண்டு வாரமாகத் திடீரென்று ஒடுங்கிவிட்டான். மாடிப்படிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறான். பின்கட்டுப் பக்கம் வரவே மாட்டேன் என்கிறான். குக்கர் விசில் அடித்தால் நடுங்குகிறான். சோறு பாதிதான் தின்கிறான், தண்ணீர் குடிக்கிறான். தீபாவளி வெடிக்குக்கூட அவன் இப்படிப் பயந்ததில்லை. நேற்று என் பையன் தடவப் போனபோது உறுமினான். போன வருடம் வெறிநோய் ஊசி போட்டோம், இந்த வருடம் மறந்துவிட்டது. ஏதோ காற்றுக் கருப்பு பட்டிருக்கிறது, மந்திரித்துக் கயிறு கட்டு என்கிறார் அத்தை. வெளியே இழுத்துப் போட்டால் இரண்டு நாளில் பயம் தெளிந்துவிடும் என்கிறார் கொழுந்தனார். என்ன செய்வது?

பதில்: உங்கள் கடிதத்தில் நான் அடிக்கோடிட்டுக்கொண்ட சொல் ‘திடீரென்று’. குட்டியிலிருந்தே கூச்சத்தோடு வளர்ந்த நாய் வேறு. ஐந்து வருடம் தெருவையே காவல் காத்தவன் இரண்டு வாரத்தில் ஒடுங்கிப்போவது வேறு. முன்னது சுபாவம். பின்னது பெரும்பாலும் உடம்பில் தொடங்குகிறது. பயம் தெளிய வழி கேட்டிருக்கிறீர்கள். அவனுக்கு எங்கே நோகிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் அந்த வழியைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஊசி விட்டுப்போனதாக எழுதியிருப்பதால் வெறிநோயைப் பற்றி முதலில் பேசிவிடுவோம். வெறிநோய் என்றால் கண்ணில் பட்டவரையெல்லாம் துரத்திக் கடிக்கும் நாய்தான் நம் நினைவுக்கு வரும். ஆனால் இருட்டு மூலையில் ஒதுங்கி, வாயில் நீர் வடிய, தாடை தொங்க, குரல் மாறி, விழுங்க முடியாமல் சத்தமில்லாமல் கிடக்கிற வகையும் உண்டு. தொண்டையில் எலும்பு சிக்கிக்கொண்டது என்று நினைத்து வாய்க்குள் கை விடுகிறார்களே, ஆபத்து அங்கேதான். அறிகுறி தெரிந்த நாய் பொதுவாகப் பத்து நாளுக்குள் இறந்துவிடும். செவலை இரண்டு வாரம் கழித்தும் தண்ணீர் குடிக்கிறான், பாதிச் சோறாவது தின்கிறான் என்பதால் அந்தச் சந்தேகம் வெகுவாகக் குறைகிறது. ஆனாலும் இந்த ஆறேழு மாதத்தில் தெருநாய் எதுவும் அவனைக் கடித்ததா என்று யோசித்துப் பார்த்து மருத்துவரிடம் சொல்லுங்கள். அவர் பார்த்துச் சொல்லும்வரை பையனை அவன் பக்கத்தில் விட வேண்டாம். அவன் பல்லோ நகமோ யார் மேலாவது பட்டிருந்தால், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். மனிதர்களுக்கான ஊசி அங்கே இலவசம். நாய் என்ன ஆகிறது பார்க்கலாம் என்று காத்திருக்கக் கூடாது.

அடுத்தது வலி. நாய்க்கு வலித்தால் கத்தும், நொண்டும் என்று நினைக்கிறோம். திடீரென்று மிதிபட்டால் கத்தும்தான். நாள்கணக்கில் இருக்கிற வலிக்குப் பெரும்பாலான நாய்கள் கத்துவதில்லை, ஒதுங்கிவிடும். யாரும் தொடாத இடம், யாரும் தடுக்கி விழாத இடம், முதுகுக்குச் சுவர் இருக்கிற இடம் என்று தேடிப் போய்ப் படுத்துக்கொள்ளும். மாடிப்படிக்கு அடியில் இருப்பது அப்படிப்பட்ட இடம்தான். உங்கள் பையன் அவனை எங்கே தொட்டான் என்று கேட்டுப் பாருங்கள். காதா, கழுத்தா, இடுப்பா? அந்த உறுமலில் மருத்துவருக்குப் பாதி விவரம் கிடைத்துவிடும்.

குக்கர் விசிலுக்கும் வலிக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். சத்தம் கேட்டதும் உடம்பு சட்டென்று விறைக்கிறது. முதுகிலோ இடுப்பு மூட்டிலோ ஏற்கெனவே நோவு இருந்தால் அந்த நொடியில் சுரீர் என்கிறது. நாய் என்ன புரிந்துகொள்ளும்? விசில்தான் தன்னைக் குத்தியது என்று புரிந்துகொள்ளும். நாலைந்து தடவை இப்படி நடந்தால் போதும், அடுத்து மிக்சிக்கும் பயம், கதவு சாத்துகிற சத்தத்துக்கும் பயம். இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தினரும் பிரேசில் ஆய்வாளர்களும் சேர்ந்து 2018-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், சத்தத்துக்குப் பயப்படும் 20 நாய்களை எடுத்துக்கொண்டார்கள். 10 நாய்களுக்கு எலும்பு, தசை வலி இருந்தது. 10 நாய்களுக்கு இல்லை. வலி இருந்த நாய்களுக்குச் சத்த பயம் சராசரியாக ஏறத்தாழ நான்கு வருடம் பிந்தித் தொடங்கியிருந்தது. நடுவயதில் புதிதாக வரும் சத்த பயம் என்றால் மூட்டையும் முதுகையும் பார் என்று எங்களைப் போன்றவர்களுக்கு அது சொல்லித் தந்தது. தீபாவளி வெடிக்கு அசையாத செவலை குக்கருக்கு நடுங்குகிறான் என்று படித்ததும் எனக்கு அந்த ஆய்வுதான் நினைவுக்கு வந்தது.

நம் ஊரில் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது உண்ணிக் காய்ச்சல். பழுப்பு நிற நாய் உண்ணி கடித்து ரத்தத்தில் கிருமி ஏறினால், ஆரம்பத்தில் தெரிவதெல்லாம் சோர்வு, பாதிச் சோறு, ஒதுங்கல், மூட்டு நோவு அவ்வளவுதான். காய்ச்சல் கைக்குத் தெரியாது. நாயின் உடம்பு இயல்பாகவே 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை சூடாக இருக்கும், அதனால் தொட்டுப் பார்த்து முடிவு கட்ட முடியாது. ஈறு வெளுத்திருப்பது, மூக்கில் ரத்தம் கசிவது, வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளிகள் தெரிவது எல்லாம் நோய் முற்றியதற்கு அடையாளம். ஒரு ரத்தப் பரிசோதனை, தட்டணுக் கணக்கு, கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு ரத்தம், இவ்வளவில் பெரும்பாலும் பிடித்துவிடலாம். எர்லிக்கியா என்ற கிருமி என்று தெரிந்தால் டாக்சிசைக்ளின் மாத்திரையைச் சுமார் நான்கு வாரம் தர வேண்டியிருக்கும். ஐந்தாம் நாளே நாய் துள்ளத் தொடங்கும், பலர் அங்கேயே மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். தயவுசெய்து நிறுத்தாதீர்கள். காதுக்குள் சீழ், பல் வேரில் வீக்கம், பார்வை மங்குவது ஆகியவற்றையும் மருத்துவர் அதே அமர்வில் பார்த்துவிடுவார்.

பின்கட்டுப் பக்கம் வர மறுக்கிறான் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரி உறுத்துகிறது. அங்கே தண்ணீர் மோட்டாரோ வாஷிங் மெஷினோ கிரைண்டரோ இருக்கிறதா? மழைக்காலத்தில் எர்த் சரியில்லாத மோட்டாரிலிருந்து ஈரத்தரையில் மின்சாரம் கசியும். செருப்புப் போட்டிருக்கிற நமக்கு அது தெரியாமல் போகலாம். நான்கு வெறுங்கால்களோடு ஈரத்தில் நிற்கிற நாய்க்கு உடனே தெரியும். பின்கட்டில் கால் வைக்காமல் அடம்பிடிக்கிறது என்று ஒரு குடும்பத்தார் ஒருமுறை என்னிடம் ஒரு நாயைக் கொண்டுவந்தார்கள். உடம்பில் ஒரு குறையும் தெரியவில்லை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிடச் சொன்னேன், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் இருந்த மோட்டார் குழாயில் ஷாக் அடித்தது. அந்த வீட்டில் தவழுகிற குழந்தை ஒன்றும் இருந்தது. நீங்கள் கையால் தொட்டுச் சோதிக்க வேண்டாம். பின்கட்டு இணைப்பை நிறுத்திவிட்டு இன்றைக்கே ஆள் வைத்துப் பாருங்கள். மின்சாரம் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லியாம்ப் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் இல்லையென்றால் அதையும் போடச் சொல்லுங்கள். செவலைக்காக மட்டும் சொல்லவில்லை.

மின்சாரம் இல்லையென்றாலும் அங்கே வேறு ஏதாவது நடந்திருக்கலாம். தேள் கொட்டியிருக்கலாம், வழுவழு டைல்ஸில் கால் பரப்பிக்கொண்டு விழுந்திருக்கலாம், யாராவது கல்லெறிந்திருக்கலாம். கடைசியாக எந்த நாளில் அவன் சாதாரணமாகப் பின்கட்டுக்குப் போனான் என்று வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து நினைவுபடுத்திப் பாருங்கள்.

இனி வீட்டில் என்ன செய்வது. அத்தை சொல்கிற கயிற்றால் கெடுதல் ஒன்றுமில்லை, அவருடைய மன ஆறுதலுக்குத் தளர்வாகக் கட்டிக்கொள்ளட்டும். கழுத்தில் நோவு இருக்கக்கூடும் என்பதால் இறுக்கிக் கட்ட வேண்டாம், அதை நம்பி மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடவும் வேண்டாம். கொழுந்தனார் சொல்வதை மட்டும் கட்டாயம் செய்யாதீர்கள். பயந்த நாயை வெளியே இழுத்துப் போட்டால் இரண்டு நாளில் அடங்கியது போலத் தெரியும், உண்மைதான். இனித் தப்பிக்க வழியில்லை என்று அது கைவிட்டுவிட்ட அடக்கம் அது. இப்போது விசிலுக்கு மட்டும் பயப்படுகிறவன், அதற்குப் பிறகு இழுத்த கைக்கும் பயப்படுவான். மூலையில் மாட்டிக்கொண்ட நாய்க்குக் கடைசியில் மிஞ்சுவது பல்தான்.

உறுமியதற்காக அவனைத் திட்டவும் அடிக்கவும் கூடாது. ‘தொடாதே’ என்று சொல்ல அவனுக்கு இருக்கிற மொழி அது. அதை அடித்து அடக்கினால் அடுத்த முறை உறுமாமல் நேரே கடிப்பான். பையனிடம் ஒரே ஒரு விதி போதும்: மாடிப்படிக்கு அடியில் இருக்கும்போது செவலையிடம் யாரும் போகக் கூடாது, அவனாக வெளியே வந்தால் மட்டும் பேசலாம். அந்த இடத்தில் பழைய போர்வையை விரித்து, ஒரு பக்கம் துணியால் மறைத்து, தண்ணீர்க் கிண்ணத்தைப் பக்கத்திலேயே வையுங்கள். சாப்பாட்டையும் அங்கேயே வைத்துவிட்டு விலகி வந்துவிடுங்கள். தெருக்கதவு பூட்டியிருக்கட்டும், பயத்தில் ஓடுகிற நாய் எவ்வளவு தூரம் ஓடும் என்று சொல்ல முடியாது.

பயந்த நாயைத் தடவிக்கொடுத்தால் பயம் வளரும் என்று ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. அது தவறு. பயம் ஒரு உணர்ச்சி, அன்பு காட்டினால் அது கூடிவிடாது. அவனாக உங்களை ஒட்டி வந்து உட்கார்ந்தால் தாராளமாகத் தடவுங்கள், மெல்லிய குரலில் பேசுங்கள். அருகில் வர விருப்பமில்லை என்றால் முதுகைக் காட்டி நாலடி தள்ளித் தரையில் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருங்கள். அவனைப் பார்க்காமல் அங்கே இருப்பதே போதும்.

வலிக்கு மருந்து பிடித்த பிறகு விசில் பயத்தைப் பழக்கிவிடலாம். அதற்கு முன் தொடங்கினால் பலனிருக்காது. விசில் சத்தத்தைப் போனில் பதிவு செய்து, காதில் விழுந்தும் விழாத அளவுக்கு மெதுவாகப் போடுங்கள். சத்தம் கேட்ட அடுத்த நொடி, உப்பும் வெங்காயமும் சேர்க்காமல் வேகவைத்த கோழித்துண்டு ஒன்று. சத்தம் முதலில், கறி பிறகு, இந்த வரிசை மாறக் கூடாது. மாறினால் கறியைப் பார்த்ததும் சத்தம் வரப்போகிறது என்று பயப்படக் கற்றுக்கொள்வான். ஒரு நாளைக்கு இரண்டு வேளை, வேளைக்கு ஐந்து நிமிடம். கறியை வாங்க மறுத்தால், உதட்டை நக்கிக்கொண்டோ கொட்டாவி விட்டோ முகத்தைத் திருப்பினால், சத்தம் அதிகம் என்று அர்த்தம், குறையுங்கள். இதற்கு வாரக்கணக்கில் ஆகும். அதுவரை குக்கர் வைக்கும் நேரத்தில் சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு, ஹாலில் ரேடியோவோ டி.வி.யோ ஓட விடுங்கள்.

வீட்டில் இருக்கிற பாராசிட்டமால், புரூஃபன், டைக்ளோஃபினாக் எதையும் கொடுத்துவிடாதீர்கள். நம் வலியைப் போக்குகிற மாத்திரை நாயின் ஈரலையும் சிறுநீரகத்தையும் குடலையும் கெடுக்கும். தூக்க மாத்திரையும் வேண்டாம். பயம் மிக அதிகமாக இருந்தால் கபாபென்டின், டிராசோடோன் போன்றவற்றை எடைக்குத் தக்க அளவில் மருத்துவரே எழுதித் தருவார்.

முதலில் உங்கள் ஊர் கால்நடை மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். எக்ஸ்ரே, ஸ்கேன் என்று தேவைப்பட்டால் திருநெல்வேலி ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஈறு வெளுத்தாலோ, பின்னங்கால் இழுத்தாலோ, சிறுநீர் போகவில்லையென்றாலோ, தண்ணீரும் குடிக்காமல் விட்டாலோ, மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம். விட்டுப்போன ஊசியை, காய்ச்சல் இல்லை என்று உறுதியான அன்றே போட்டுவிடுங்கள்.

போவதற்கு முன் ஒரு வேலை. அவன் படுக்கையிலிருந்து எழுவது, நடப்பது, உட்காருவது, தண்ணீர் குடிப்பது இவற்றை, அவன் கவனிக்காதபடி தள்ளி நின்று போனில் வீடியோ எடுத்து வையுங்கள். மருத்துவமனை வாசனையும் மற்ற நாய்களின் குரைப்பும் சேர்ந்ததும் உடம்பெல்லாம் விறைத்து, நொண்டுகிற நாய்கூட நேராக நடக்கும். மேசைமேல் நடுங்குகிற செவலையைத் தொட்டுப் பார்ப்பதோடு, வீட்டில் அவன் எந்தக் காலை ஊன்றி எழுகிறான் என்பதையும் மருத்துவர் பார்க்கட்டும்.