ஒரு 'ர்' வித்தியாசம்: அமெரிக்கக் கறுப்பினக் கல்லூரிகள் பற்றிக் கேள்வி பதில்

அமெரிக்காவில் கறுப்பின மாணவர்களுக்காகத் தொடங்கப்பட்ட கல்லூரிகள் இன்னும் நூறு அளவில் இருக்கின்றன. அவை பற்றி நீங்கள் கேட்டவற்றுக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

முருகேசன்: சார், கமலா ஹாரிஸ் ஹார்வர்டில் படித்தவர்தானே?

இல்லை, ஹாவர்ட். நடுவில் ஒரு 'ர்' குறைவு. நம் பத்திரிகைகளே பலமுறை குழம்பியிருக்கின்றன. துளசேந்திரபுரத்துக்காரரின் பேத்தி 1986இல் பட்டம் வாங்கியது வாஷிங்டனில் உள்ள ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில். உள்நாட்டுப் போர் முடிந்த கையோடு, 1867இல் தொடங்கியது அது.

அதன் சட்டக் கல்லூரியில் 1933இல் முடித்தவர் தர்குட் மார்ஷல். அவருடைய சொந்த மாநிலமான மேரிலாந்தின் சட்டக் கல்லூரி அப்போது கறுப்பினத்தவரைச் சேர்ப்பதில்லை. மார்ஷல் வெளியே வந்து, ஹாவர்டில் தனக்குப் பாடம் எடுத்த சார்லஸ் ஹூஸ்டனோடு சேர்ந்து, அதே கல்லூரி மேல் வழக்குப் போட்டு, 1936க்குள் இன்னொரு மாணவருக்கு அங்கே இடம் வாங்கிக் கொடுத்துவிட்டார். 1954இல் பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்ற தீர்ப்பை உச்ச நீதிமன்றத்தில் வாதாடி வாங்கியவரும் அவரே.

நித்யா: அதைத்தான் கேட்கிறேன். 1954லேயே தடை உடைந்துவிட்டது. எல்லாக் கல்லூரியும் எல்லோருக்கும் திறந்திருக்கும்போது தனியாக ஒன்று எதற்கு? இதுவும் ஒருவகைப் பிரிவினைதானே?

அதிகம் பேர் கேட்டது இதைத்தான். முதலில் ஒரு திருத்தம். கதவைச் சாத்தியவை மற்ற கல்லூரிகள், இவை அல்ல. ஹாவர்டின் முதல் மாணவர்களே வெள்ளையினப் பெண்கள், நிறுவியவர்கள் வீட்டுப் பிள்ளைகள். மேற்கு வர்ஜினியாவின் புளூஃபீல்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இன்று பெரும்பாலானவர்கள் வெள்ளையினத்தவர். ஆனாலும் சட்டப்படி அது கறுப்பினக் கல்லூரிதான், ஏனென்றால் 1964க்கு முன்பு யாருக்காகத் தொடங்கினார்கள் என்பதுதான் கணக்கு. இந்தக் கல்லூரிகளை மொத்தமாகப் பார்த்தால் நாலில் ஒரு பங்கு மாணவர்கள் வேற்றினத்தவர்.

சரி, எதற்கு என்ற கேள்விக்கு நியூ ஆர்லியன்ஸின் சேவியர் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். கத்தோலிக்கர் நடத்தும் சின்னக் கல்லூரி. ஆனால் மருத்துவப் படிப்புக்குக் கறுப்பின மாணவர்களை அனுப்புவதில் பல ஆண்டுகளாக நாட்டிலேயே முன்வரிசையில் நிற்கிறது. பெரிய பல்கலைக்கழகங்களில் முதலாண்டு வேதியியல் என்பது களையெடுப்பு மாதிரி. தேறாதவன் வேறு படிப்புக்குப் போக வேண்டியதுதான். சேவியர் ஆசிரியர்கள் இதைத் தலைகீழாக்கினார்கள். எல்லா வகுப்புக்கும் பொதுவான பயிற்சிப் புத்தகத்தைத் தாங்களே எழுதினார்கள். விடாமல் பயிற்சித் தேர்வு வைத்தார்கள். மேல் வகுப்புப் பிள்ளைகளை உட்காரவைத்துக் கீழ் வகுப்புக்குச் சொல்லிக் கொடுக்க வைத்தார்கள். சுமாரான பள்ளியிலிருந்து வந்த பிள்ளையை எடுத்துத் தேற்றி அனுப்புவதுதான் அவர்கள் பிழைப்பே. ஏற்கெனவே தேறியவர்களை மட்டும் சலித்து எடுத்துக்கொண்டு பெயர் வாங்கும் கல்லூரிகளை நான் அவ்வளவாக மெச்சுவதில்லை.

எண்ணிக்கையிலும் இதைப் பார்க்கலாம். நாட்டின் கல்லூரிகளில் இவை 3 சதவீதம்கூடத் தேறாது. ஆனால் நாட்டில் கல்லூரி படிக்கும் கறுப்பினத்தவரில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் இங்கேதான் படிக்கிறார்.

ஜெயராஜ்: பல கல்லூரிகள் பணமில்லாமல் தள்ளாடுகின்றன என்கிறார்களே, நிர்வாகக் கோளாறா?

சில இடத்தில் அதுவும் உண்டு. அட்லாண்டாவின் மோரிஸ் பிரவுன் கல்லூரி 2002இல் அங்கீகாரம் இழந்தது, சில டஜன் மாணவர்களோடு இழுத்துப் பிடித்து 2022இல்தான் திரும்பப் பெற்றது. வர்ஜினியாவில் செயின்ட் பால்ஸ் கல்லூரி 2013இல் மூடியே விட்டது.

ஆனால் அரசுக் கல்லூரிகளின் கதை வேறு. 1890இல் வந்த சட்டம், விவசாயக் கல்லூரிகளில் கறுப்பினத்தவரைச் சேருங்கள், இல்லையேல் தனிக் கல்லூரிக்குப் பணம் பிரித்துக் கொடுங்கள் என்றது. தென்மாநிலங்கள் தனியாகத் தொடங்கிவிட்டு, பணத்தில் கைவைத்துவிட்டன. 2023இல் மத்திய அரசு 16 மாநில ஆளுநர்களுக்குக் கடிதம் எழுதியது: முப்பது ஆண்டுகளில் இந்தக் கல்லூரிகளுக்குச் சேராமல் போனது 1,200 கோடி டாலருக்கு மேல். டென்னசி மாநிலக் கல்லூரி ஒன்றுக்கு மட்டும் 200 கோடிக்கு மேல்! மேரிலாந்தில் நான்கு கல்லூரிகளுக்காக 15 வருடம் வழக்கு நடந்து, 2021இல் 57.7 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. இத்தனையும் பார்த்துவிட்டு, "ஆய்வுக்கூடம் பழசாக இருக்கிறதே" என்று கல்லூரியைக் குறை சொல்வது எனக்கு ஒப்பவில்லை.

பர்வீன்: காந்திக்கும் இந்தக் கல்லூரிகளுக்கும் தொடர்பு உண்டாமே?

உண்டு. ஹாவர்டின் பெஞ்சமின் மேய்ஸ் 1936 கடைசியில் வார்தா வந்து காந்தியைச் சந்தித்துப் பேசினார். 1940இல் அவர் அட்லாண்டாவின் மோர்ஹவுஸ் கல்லூரித் தலைவரானார். நாலு வருடம் கழித்து அங்கே 15 வயதில் ஒரு பையன் சேர்ந்தான்: மார்ட்டின் லூதர் கிங். அப்புறம் 1950இல் ஹாவர்ட் தலைவர் மொர்டகாய் ஜான்சன் இந்தியா போய்வந்து பிலடெல்பியாவில் ஆற்றிய உரையைக் கேட்டுவிட்டுத்தான் கிங் காந்தி பற்றிய புத்தகங்களை வாங்கிக் குவித்தார்.

முருகேசன்: கடைசியாக ஒன்று சார். நம் பிள்ளைகள் சேரலாமா?

தாராளமாக. இனம் பார்த்து இடம் தருவதில்லை. ஆனால் வசதி குறைந்த மாணவர்களுக்கு அமெரிக்க மத்திய அரசு தரும் பெல் உதவித்தொகை அந்நாட்டுக் குடிமக்கள் அல்லாத, மாணவர் விசாவில் வரும் பிள்ளைகளுக்குக் கிடையாது. கல்லூரி தானாகத் தரும் சலுகையைத்தான் கேட்டுப் பார்க்க வேண்டும். அங்கீகாரம் நடப்பில் இருக்கிறதா என்றும் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.